வெல்டுக்குப் பிறகு வந்த விரிசல்

புனேயை ஒட்டிய போசரி தொழிற்பேட்டையில் ஒரு சிறிய சோதனைக்கூடம் இருந்தது. அங்கே தர்மாம்பாளுக்கு ஃபிலிம் பார்க்கிற வேலை. வெல்டு செய்த குழாய் இணைப்புகளைக் காமாக் கதிரில் படம் எடுத்துக் கொண்டுவருவார்கள், ஆஸ்பத்திரியில் உடைந்த கைக்கு எடுப்பது போல. அந்த ஃபிலிமை இருட்டறையில் லைட் பாக்ஸின் மேல் பரப்பி, இணைப்புக்குள் என்ன குறை இருக்கிறதென்று அவள் சொல்ல வேண்டும். காற்றுக் குமிழ் என்றால் கறுப்புப் புள்ளி. கசடு மாட்டியிருந்தால் கோணல்மாணலான திட்டு. விரிசல் என்றால் தலைமுடி போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. முதல் இரண்டையும் சில சமயம் மன்னிக்கலாம். மூன்றாவதற்கு மன்னிப்பு கிடையாது.

அவள் திருவாரூர்க்காரி. கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த கையோடு பட்டாபிராமனுக்குக் கல்யாணம் செய்து புனேக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் கட்கியில் பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகத்தில் ஆடிட்டர். சாங்வியில் வீடு. காய்கறிக்காரியிடமும் பஸ் கண்டக்டரிடமும் பேசிப் பேசியே இரண்டு வருஷத்தில் மராத்தி வந்துவிட்டது. அதன்பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. சோதனைக்கூடத்தில் ஃபிலிம் கழுவ ஆள் தேவை என்று பேப்பரில் பார்த்துப் போய்ச் சேர்ந்தாள். கழுவுகிறவள் கழுவிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இந்தப் புள்ளி என்ன, அந்தக் கோடு ஏன் வளைந்திருக்கிறது, இதை ஏன் பாஸ் போட்டீர்கள், அதை ஏன் தள்ளினீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்லி அலுத்துப்போன மேலாளர் அருணாச்சலம் கடைசியில் அவளையே பரீட்சை எழுத வைத்தார். தேறினாள். ஃபிலிமின் கீழே கையெழுத்துப் போடுகிறவள் ஆனாள்.

"பால்காரன் ஒரு நாள் லேட்டா வந்தாக்கூட, ஏன்னு தெரிஞ்சாகணும் இவளுக்கு" என்று பட்டாபிராமன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். குறையாகச் சொல்கிறாரா பெருமையாகவா என்பது கேட்கிறவர்களுக்குப் புரியாது.

1996 ஜூலையில், நல்ல மழை நாள் ஒன்றில், கட்ரே என்பவர் குடையைக்கூட மடக்காமல் சோதனைக்கூடத்துக்குள் வந்தார். குழாய் வேலை எடுத்துச் செய்கிறவர். அருகிலேயே அவருக்கு ஷெட் இருந்தது. ரஞ்சன்காவில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு ரசாயன ஆலைக்கு நீராவிக் குழாய் போடும் வேலை அப்போது அவர் கையில் இருந்தது. கனமான குரோம் எஃகுக் குழாய்கள். பாதி இணைப்புகளைப் போசரி ஷெட்டிலேயே வெல்டு செய்து, மீதியை ஆலைக்குக் கொண்டுபோய் அங்கே சேர்த்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஃபிலிமில் பார்த்து நல்லது என்று கையெழுத்துப் போட்டவள் தர்மாம்பாள்.

"நேற்றைக்குத் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்தோம் மேடம். நீங்கள் பாஸ் போட்ட இணைப்பு கசிகிறது" என்று இந்தியில் சொன்னார் கட்ரே. "ஓட்டையே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் புகை மாதிரி தண்ணீர் வருகிறது. விரிசல்! உங்கள் கண்ணுக்கு அது எப்படித் தப்பியது?"

தர்மாம்பாளுக்கு முகம் சூடாகிவிட்டது. அலமாரியைத் திறந்து அந்த இணைப்பின் ஃபிலிமை எடுத்து லைட் பாக்ஸில் போட்டாள். பூதக்கண்ணாடி வைத்து ஓரம் ஓரமாகப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அருணாச்சலம் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அருணாச்சலம் கோயம்புத்தூர்க்காரர், உலோகவியல் படித்தவர். அவசரப்பட மாட்டார். "விரிசல் ஒருச்சாஞ்சு இருந்தா ஃபிலிம்ல விழாமப் போறதும் உண்டுங்க மேடம்" என்றார். "ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு அதே இடம், அதே கோணம். இன்னொருக்கா எடுத்துப் பாத்துப்போடலாம்."

ஆட்கள் ரஞ்சன்காவுக்குப் போய் மறுபடி எடுத்து வந்தார்கள். பழைய ஃபிலிமையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது தர்மாம்பாள் லைட் பாக்ஸின் மேல் குனிந்தாள். புதியதில், வெல்டுப் பட்டையின் ஓரத்தை ஒட்டி ஒரு கறுப்பு முடி ஓடியது. பழையதில் அதே இடம் சுத்தமாக இருந்தது. பக்கத்து இணைப்பையும் எடுத்திருந்தார்கள். அது கசியவே இல்லை. ஆனால் அதிலும் ஒரு முடி இருந்தது, சற்றுச் சிறியதாக.

"முந்தி இல்லாதது இப்ப இருக்குதுங்க" என்றார் அருணாச்சலம்.

பழி போய்விட்டது. அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் தர்மாம்பாள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அப்ப எப்ப வந்தது சார்? நான் பார்த்ததுக்கப்புறம் அதை யாரும் தொடலை. நீராவி விடலை. வெயிட் தொங்கலை. தண்ணி நிரப்பின அழுத்தத்துலயா?"

"அந்த அழுத்தத்துக்கு இந்தக் கனத்துக் குழாய் அசையாதுங்க."

"பின்னே சும்மா இருந்த இரும்பு எப்படி சார் கிழியும்?"

அருணாச்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சும்மா இருக்கற மாதிரி நமக்குத் தெரியுது. உள்ளுக்குள்ள இழுபறி இருந்திருக்கலாம். நான் புத்தகத்துல படிச்சதுதாங்க. கண்ணால பாத்ததில்லை."

மறுநாளே இருவரும் ரஞ்சன்காவுக்குப் போனார்கள். அங்கே அந்த இணைப்பை வெல்டு செய்த பரமசிவம் நின்றுகொண்டிருந்தான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வேலை போய்விடும் என்று பயந்து போயிருந்தான். தமிழ்க் குரல் கேட்டதும் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"அம்மா, வெல்டுல கொறை வைக்கலம்மா. ஷெட்டுல போட்டதும் நாந்தான். அதுல ஒண்ணு கூட வெடிக்கலியே. இங்க போட்டது மட்டும் ஏன் வெடிக்கி?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். இங்க என்ன வித்தியாசமா பண்ணினேள்? ஒண்ணு விடாம சொல்லுங்கோ."

அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். இது கடைசி இணைப்பு. இரண்டு பக்கமிருந்தும் குழாய் வந்து நடுவில் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை, ஒன்று சற்றுத் தள்ளி நின்றது. மேஸ்திரி செயின் பிளாக்கை மாட்டச் சொன்னார். சங்கிலியால் இழுத்து, வாயோடு வாயைச் சேர்த்து வெல்டு போட்டார்கள். முடிந்ததும் சங்கிலியை அவிழ்த்துவிட்டார்கள். இதெல்லாம் வழக்கமாகச் செய்கிறதுதான். அன்றைக்கு மழை. தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இதையும் பக்கத்து இணைப்பையும் போட்டார்கள். வெல்டு போடுவதற்கு முன்னால் குழாயைச் சூடாக்க வேண்டும். எரிவாயு தீர்ந்துபோயிருந்ததால் அதைச் செய்யவில்லை. வெல்டிங் ராடுகள் திறந்த பெட்டியில் இருந்தன.

அருணாச்சலம் அந்த இணைப்பை வெட்டி எடுக்கச் சொன்னார். "அதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் தளர்வாச் சங்கிலி போட்டுக் கட்டிருங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றார். ரம்பம் மெல்ல மெல்லக் குழாயைச் சுற்றி அறுத்து வந்தது. கடைசி விரற்கடை இருக்கும்போதே "டங்" என்று ஒரு சத்தம். மிச்சமிருந்த இரும்பு தானாகவே பிய்ந்தது. ஒரு பக்கத்துக் குழாய் துள்ளி, ஒரு சாண் தள்ளிப் போய்ச் சங்கிலியில் ஆடி நின்றது.

பரமசிவம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இத்தனை நாளா இதை இழுத்துப் பிடிச்சிண்டிருந்தது அந்த வெல்டுதானா!" என்றாள் தர்மாம்பாள். பயத்தைவிட ஆச்சரியம்தான் அவள் குரலில் அதிகமாக இருந்தது.

கட்ரேவுக்கு அதோடு விஷயம் முடிந்துவிட்டது. சங்கிலியால் இழுத்தது தப்பு. இனி இழுக்காமல் போட்டால் சரி. திரும்பி வரும்போது ஜீப்பில் தர்மாம்பாள் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோரேகாவ் தாண்டியதும் சட்டென்று திரும்பினாள்.

"சார், பக்கத்து இணைப்பை யாரும் இழுக்கலையே. அது ஏன் விரிஞ்சது?"

அருணாச்சலம் சிரித்தார். "நானும் அதையேதாங்க யோசிச்சிட்டு வர்றேன்."

அந்த இரண்டாவது இணைப்பையும் வெட்டிப் போசரிக்குக் கொண்டுவந்தார்கள். வெல்டை நடுவில் வைத்து ஒரு வளையமாக நறுக்கினார்கள். வளையத்தின் மேல் ஓர் இடத்தில் பக்கத்துக்கொன்றாக இரண்டு சின்னக் குழிகள் குத்தி, இடைவெளியைக் கருவி வைத்து அளந்தார் அருணாச்சலம். பிறகு குழிகளுக்கு நடுவே வளையத்தை அறுத்தார்கள். அறுத்த வாய் மெல்லத் திறந்தது. மறுபடி அளந்தால் குழிகள் விலகியிருந்தன. வெல்டு இல்லாத வெறும் குழாயிலும் ஒரு வளையம் வெட்டி இதே மாதிரி அறுத்துப் பார்த்தார்கள். அது அசையவே இல்லை.

"உருகின இரும்பு ஆறும்போது சுருங்கப் பாக்குமுங்க" என்றார் அருணாச்சலம். "பக்கத்துல இருக்கற இரும்பு சூடாகல, அது சுருங்க விடாது. ரெண்டும் ஒட்டிப்போச்சு, விட்டுட்டுப் போகவும் முடியாது. அந்த இழுப்பு அப்படியே உள்ள நின்னுரும். வெளியிலிருந்து யாரும் இழுக்கவே வேண்டாம்."

தர்மாம்பாளுக்குப் போன மழைக்காலம் ஞாபகம் வந்தது. பால்கனியில் இழுத்துக் கட்டியிருந்த புது நூல் கயிறு நனைந்து இறுகி, ஒரு துணிகூடத் தொங்காதபோதே சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அதற்கும் காரணம் கேட்டுப் பட்டாபிராமனைத் தொந்தரவு செய்திருந்தாள்.

"ஆனா சார், இந்த இழுப்பு எல்லா வெல்டுலயும் இருக்கும்தானே? ஷெட்டுல போட்டதுலயும் இருக்குமே?"

"இருக்கும். இழுப்பு மட்டும் இருந்தாப் பத்தாதுங்க. இரும்பும் நொறுங்கற பதத்துக்கு வரணும். சூடு பண்ணாமப் போட்டா வெல்டு ஓரம் சடார்னு ஆறிக் கெட்டியாயிரும். ஈரம் பிடிச்ச ராடுல இருந்து ஹைட்ரஜன் உள்ள போயிரும். அது மெதுவா நகர்ந்து, எங்க இழுப்பு ஜாஸ்தியோ அங்க போய்ச் சேரும். சேர்றதுக்கு நேரமாகும். மணிக்கணக்கு, சில சமயம் நாள் கணக்கு. நாம வெல்டு முடிஞ்ச அன்னிக்கே படம் எடுத்துட்டோம்."

"அப்ப நான் பார்த்தப்ப அது இன்னும் பொறக்கலை."

"ஆமாங்க."

"பொறக்கறதைப் பார்க்க முடியுமா சார்?"

அருணாச்சலம் கட்ரேவிடம் மிச்சமிருந்த குழாயில் துண்டுகள் கேட்டு வாங்கினார். சோதனைக்கூடத்துப் பின்கட்டில் இரண்டு இணைப்புகள் தயாராயின. இரண்டையும் தடித்த இரும்புப் பலகைகளோடு சேர்த்து இறுக்கி, எந்தப் பக்கமும் நகர முடியாதபடி செய்தார்கள். பரமசிவமே வந்து வெல்டு போட்டான். ஒன்றை முறைப்படி சூடாக்கி, அடுப்பில் உலர்த்திய ராடால் போட்டான். மெதுவாக ஆறட்டும் என்று போர்வை சுற்றி வைத்தான். மற்றதை ரஞ்சன்காவில் செய்தபடியே, குளிர்ந்த குழாயில் ஈர ராடால். புதன்கிழமை சாயந்திரம் முடித்தான்.

வியாழக்கிழமை போசரிக்கு வாராந்திர விடுமுறை. மின்சாரம் இருக்காது, லேத்துகளும் பிரஸ்களும் நின்றுவிடும். அந்த அமைதி வேண்டும் என்றுதான் புதன்கிழமை வெல்டு போடச் சொல்லியிருந்தாள் தர்மாம்பாள். காலையில் சாவி வாங்கிக்கொண்டு தனியாகப் போய், ஈர ராடு இணைப்பின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டாள். மெக்கானிக்குகள் எஞ்சினுக்குச் செய்கிற வைத்தியம்.

கூரையில் மழைத் தூறல் கேட்டது. குழாய் பேசவில்லை.

மத்தியானம் பட்டாபிராமன் அரை நாள் லீவு போட்டுவிட்டு, மழைக்கோட்டுக்குள் டிபன் கேரியரை அணைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். மனைவி ஒரு குழாயில் காதை வைத்து உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லலை. உஸ்ஸ்!"

"சாப்பிட்டுட்டுக் கேளேன். பொரிச்ச கூட்டு ஆறிடும்."

"ஏன்னா, நான் சாப்பிடற நேரம் நீங்க இங்க உக்காருங்கோ. விட்டுடக் கூடாது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து காதைக் கொடுத்தார். அவள் இரண்டு கவளம்தான் சாப்பிட்டிருப்பாள். பட்டாபிராமன் விருட்டென்று தலையைத் தூக்கினார்.

"டிக்னு கேட்டது!"

"நிஜமாவா? எங்கே?"

"பல்லியா இருக்கும்டீ. சுவத்துல பாரு."

"பல்லி இரும்புக்குள்ளயா இருக்கும்? நகருங்கோ!" எச்சில் கையோடு ஓடிவந்து இடது கையால் ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டாள். இருவரும் அசையாமல் இருந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு, நகத்தால் பித்தளைத் தட்டைச் சுண்டினது போல, மெல்லிதாக, தெளிவாக ஒரு "டிக்". சிறிது இடைவெளி விட்டு இன்னொன்று.

"வெல்டு ஆறும்போது சத்தம் வரும்னு நீயே சொல்லியிருக்கியே?" என்றார் பட்டாபிராமன். ஆடிட்டர் அல்லவா, ஆட்சேபணை எழுப்பாமல் இருக்க முடியாது.

"ஆறினது நேத்தே ஆறியாச்சு. தொட்டுப் பாருங்கோ, ஜில்லுனு இருக்கு." அவர் தொட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டார். போர்வையை விலக்கி மற்ற இணைப்பிலும் காது வைத்தார்கள். அதில் சத்தமே இல்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து, விரிசல் பார்க்கிற சிவப்புச் சாயத்தை ஈர ராடு இணைப்பின் மேல் பூசினாள். காத்திருந்து, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தாள். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் மறுபடி ஊறி வெளியே வரும். முதலில் வெறும் வெள்ளையாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது வெல்டின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அது நீண்டு, இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு கோடாக நின்றது.

தர்மாம்பாள் வாய்விட்டுச் சிரித்தாள். பட்டாபிராமன் குனிந்து பார்த்து, "அடேயப்பா, நம்ம கண் முன்னாடியே!" என்றார்.

அடுத்த வாரம் ரஞ்சன்காவில் கூட்டம். ஆலையின் பொறியாளர்கள் இரண்டு பேர், கட்ரே, மேஸ்திரி, பரமசிவம் எல்லாரும் இருந்தார்கள். அருணாச்சலம் வளையத்தையும் சிவப்புக் கோடு விழுந்த இணைப்பையும் மேஜைமேல் வைத்து விளக்கினார். பொறியாளர்களில் ஒருவர் தர்மாம்பாளைப் பார்த்து, "ஆக, உங்கள் ஃபிலிமில் தவறில்லை" என்றார்.

"ஃபிலிமில் தவறில்லை. எடுத்த நேரத்தில் தவறு இருக்கிறது" என்று அவள் மராத்தியில் பதில் சொன்னாள். "இந்த மாதிரி எஃகுக்கு இரண்டு நாள் விட்டு எடுத்திருக்க வேண்டும். அது எங்கள் பக்கம். குழாயை இழுத்துச் சேர்த்ததும் சூடாக்காததும் உங்கள் பக்கம். வெல்டர் தன் கையால் கெடுத்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை."

கட்ரே முகத்தைச் சுளித்தார். ஆனால் மறுக்கவில்லை. குறைந்த நீளத்துக்கு அளவாக ஒரு துண்டுக் குழாய் வைத்து, சங்கிலி இல்லாமல், முன்கூட்டியே சூடாக்கி, உலர்ந்த ராடால் இணைத்தார்கள். முடிந்ததும் இணைப்பைச் சுற்றிப் பீங்கான் மணி கோத்த மின்கம்பிகளைச் சுற்றி, இரும்பு மங்கலாகச் சிவக்கும் வரை மெல்லச் சூடாக்கி, சற்று நேரம் அதே சூட்டில் வைத்து, மெல்ல ஆறவிட்டார்கள். அந்தச் சூட்டில் இரும்பு கொஞ்சம் இளகி, உள்ளே பிடித்து வைத்திருந்த இழுப்பை விட்டுக்கொடுக்கும். தர்மாம்பாளுக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் போய், ஆறி முடிகிற வரை நின்று பார்த்தாள். மறுபடி தண்ணீர் நிரப்பியபோது ஒரு சொட்டுக்கூட வரவில்லை. பரமசிவம் கட்ரேவிடமே வேலையில் தொடர்ந்தான்.

அந்த வருஷத்திலிருந்து சோதனைக்கூடத்தில் ஒரு வழக்கம் வந்தது. கனமான எஃகுக் குழாய் என்றால், வெல்டு என்றைக்கு முடிந்தது என்று தர்மாம்பாள் முதலில் கேட்பாள். பதில் நேற்று என்றால் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அவசரக்காரர்கள் திட்டிக்கொண்டே போய், சொன்ன நாளில் வருவார்கள்.

அருணாச்சலம் 2001இல் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவர் இடத்துக்குத் தர்மாம்பாள் வந்தாள். 2004இல் சோலாப்பூர் ரோட்டில் ஒரு பழரச ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். வெந்நீர் ஓடும் ஸ்டெயின்லெஸ் குழாயில் வெல்டுக்குப் பக்கத்தில் கசிவு. போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. நல்ல கோடையில், உலர்ந்த ராடில் போட்ட வெல்டு. இந்த எஃகு ஆறும்போது கெட்டியாவதும் இல்லை. அவளுக்குத் தெரிந்த எந்தக் காரணமும் பொருந்தவில்லை. போகிற வழியெல்லாம் உற்சாகமாக இருந்தாள்.

குழாயைச் சுற்றிச் சூடு தாங்கும் பஞ்சு கட்டியிருந்தது. அதைப் பிரித்தபோது உள்ளே ஈரம். மழைத்தண்ணீர் எங்கோ இடுக்கு வழியாக இறங்கி, பஞ்சிலிருந்த உப்பைக் கரைத்துக் குழாய்மேல் படியவைத்திருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தாள். இது ஒற்றை முடி இல்லை. இலையுதிர்ந்த மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து ஓடிய விரிசல். வெல்டு விட்டுப்போன அதே இழுப்புதான். இந்த முறை ஹைட்ரஜனுக்குப் பதில் உப்பும் சூடும் கூட்டுச் சேர்ந்திருந்தன.

"வெல்டு மோசமா மேடம்?" என்று கேட்டார் ஆலையின் இளம் பொறியாளர்.

"வெல்டு நன்றாகத்தான் இருக்கிறது. பஞ்சை மாற்றுங்கள், மேலே தண்ணீர் இறங்காமல் அடையுங்கள், இந்தத் துண்டை வெட்டிப் புதிது போடுங்கள்" என்றாள். பிறகு ஏணியிலிருந்து இறங்காமலே குழாய் போகும் திசையைப் பார்த்தாள். வரிசையாக இன்னும் பல இணைப்புகள் பஞ்சுக்குள் இருந்தன.

"அவை கசியவில்லை மேடம்."

"தெரியும். இந்த மாதிரி விரிசல் கசிகிறதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று நான் இன்னும் பார்த்ததில்லை. அடுத்ததைப் பிரியுங்கள். வெளிச்சம் போதாது, இன்னொரு டார்ச் இருக்கிறதா?"